வெட்டில் பிறந்த சொல்

"ஸ்கோர் என்ன?" ஆட்டம் நடக்கும் நாளில் இக்கேள்வி ஒலிக்காத தெருவில்லை. ஈட்டிய புள்ளிகளைக் குறிக்கும் சொல் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். ஆனால், அச்சொல் பிறந்த இடம் ஆடுகளமன்று. எழுத்தறியா மக்களின் கையிலிருந்த கணக்குக் கோல்!

ஸ்காண்டிநேவிய மக்களின் பழைய மொழியில் 'ஸ்கோர்' என்றால் வெட்டு. இருபது எண்ணி முடித்ததும் கோலில் ஒரு வெட்டு வெட்டினர் போலும். இருபது என்ற பொருளும் அச்சொல்லுக்கு வாய்த்தது. அது ஆங்கிலத்தில் குடியேறிய பின், மதுக்கடையில் குடித்தவன் பட்ட கடனும் 'ஸ்கோர்' ஆயிற்று. ஆட்டத்தின் புள்ளியை அது குறித்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். கிரிக்கெட்டின் தொடக்க நாளில் ஓட்டங்களையும் கோலில் வெட்டியே எண்ணினர்.

குடிமக்கள் மட்டுமா? இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே 12-ஆம் நூற்றாண்டில் கோலை நம்பியது. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அளவு, நூறு பவுனுக்குக் கட்டைவிரல் அளவு, இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அளவு என வெட்டுவர். பின்னர்க் கோலை நெடுக்காகப் பிளந்து, ஆளுக்கொரு பாதி! ஒருவன் கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டினால், மற்றவன் கையிலுள்ள பாதி அவனைக் காட்டிக் கொடுத்துவிடும்.

எண்ணிப் பாருங்கள்! கணக்கு ஒருவன் பெட்டிக்குள் மட்டும் உறங்கினால், எழுத்தறியாதவன் கதி என்ன? கைநாட்டு வைப்பான், கேட்ட தொகையைக் கட்டுவான், விதியென்று நொந்துகொள்வான். பிளந்த கோலோ, அவன் கையிலும் சான்றைத் தந்தது.

1826-இல் கருவூலம் கோலைக் கைவிட்டது. குவிந்து கிடந்த பழங்கோல்களை 1834 அக்டோபர் 16-ஆம் நாள் பாராளுமன்றத்து அடுப்பிலிட்டு எரித்தனர். அத்தீ மாளிகைக்கும் பரவிற்று. ஏழையின் கணக்கைக் காத்த கோல், ஆள்வோர் மன்றத்தையே சாம்பலாக்கிற்று!

கோல் எரிந்தது, அது கற்பித்த நீதி எரியவில்லை. கூலிக் கணக்காயினும், கடன் கணக்காயினும், மாணவன் பெறும் மதிப்பெண்ணாயினும், அளப்பவன் கையில் ஒரு பாதி இருந்தால், அளக்கப்படுபவன் கையில் மறுபாதி இருந்தாக வேண்டும். மறைத்து வைத்த கணக்கை மதிப்பென்று நாம் ஏற்பதற்கில்லை.