ஒரு டயர் மட்டும் வீணா சுத்துதா? ஸ்போர்ட்ஸ் காரில் 'எல்.எஸ்.டி' பொருத்துவது எப்படி? முழு விளக்கம்

வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் கத்துகிறது, பின்பக்க டயர் ஒன்று புகை கக்குகிறது. ஆனா கார் முன்னே பாயவில்லை! பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்களுக்கு இது பழகிய காட்சி. இதற்கான தீர்வுதான் 'லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்', சுருக்கமாக எல்.எஸ்.டி.

சாதா டிஃபரன்ஷியலில் என்ன சிக்கல்?

கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதே டிஃபரன்ஷியலின் வேலை. ஆனால் சாதா டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம அளவு முறுக்கு விசையைத்தான் தரும். வளைவில் எடை குறைந்து உள்பக்கச் சக்கரம் பிடிமானம் இழந்தால், அது தாங்கும் சொற்ப விசைதான் பிடிமானம் உள்ள சக்கரத்துக்கும் கிடைக்கும். அதான் கார் நகர மறுக்கிறது.

டிராக்டரில் இருக்கும் டிஃபரன்ஷியல் லாக் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும். எல்.எஸ்.டி முழுசா பூட்டாது. வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தி, பிடிமானம் உள்ள பக்கத்துக்குக் கூடுதல் விசை தரும்.

எத்தனை வகை?

* கிளட்ச் பிளேட் வகை: பந்தயம், டிரிஃப்டிங்கில் அதிகம் பயன்படுவது. பிளேட்டுகள் தேயும், பராமரிப்பு தேவை.
* டார்சன் போன்ற கியர் வகை: சத்தமின்றி இயங்கும், தேய்மானம் குறைவு. ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் பலன் தராது.
* விஸ்கஸ் வகை: சிலிகான் திரவத்தில் இயங்குவது. கொஞ்சம் தாமதமாகத்தான் வேலை செய்யும். வயதானால் வலுவிழக்கும்.

மஸ்டா எம்.எக்ஸ்-5: ஒரு நல்ல உதாரணம்

1989-ல் அறிமுகமாகி, 2016-ல் 10 லட்சமாவது கார் தயாரான ஜப்பானின் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இது. முதல் தலைமுறை 1.6 லிட்டர் கார்களில் விஸ்கஸ் எல்.எஸ்.டி கூடுதல் வசதியாகக் கிடைத்தது. 1994 மாடலில் 1.8 லிட்டர் இன்ஜினுடன் டார்சன் வந்தது.

1.6-ன் கிரவுன் வீல் 6 அங்குலம், 1.8-ல் 7 அங்குலம். அதனால் பலரும் 1.8-ன் டார்சனை 1.6 காரில் மாட்டுகிறார்கள். ஆனா டிஃபரன்ஷியலை மட்டும் வாங்கினால் போதாது. ஆக்சில் ஷாஃப்ட்டுகள், புரொபெல்லர் ஷாஃப்ட் எல்லாம் சேர்த்தே மாற்ற வேண்டும். முன்பே தெரியாமல் வாங்கினால் செலவு எகிறிவிடும்!

பொருத்துவது எப்படி?

1. காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி, டிஃபரன்ஷியல் ஆயிலை வடிக்க வேண்டும்.
2. ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, டிஃபரன்ஷியலை ஜாக் தாங்கலில் இறக்க வேண்டும். எம்.எக்ஸ்-5-ல் கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான ஃபிரேமையும் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது கியர்பாக்ஸுக்கு முட்டுக்கொடுப்பது அவசியம்.
3. முழு யூனிட்டாக மாற்றினால் வேலை சுலபம். உள்பாகத்தை மட்டும் மாற்றினால், பேரிங் கேப்களில் இடது, வலது அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். இடம் மாறக்கூடாது.
4. கிரவுன், பினியன் பற்களுக்கு இடையிலான இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். இது சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு முடியின் தடிமன்! சரியான அளவு அந்தந்த கார் கையேட்டில் இருக்கும். பற்கள் சரியாகப் படிகிறதா என மை பூசியும் பார்க்க வேண்டும்.

இந்த நான்காவது கட்டத்தில் தப்பு செய்தால் முதலில் 'ஊங்' என்று ஊளைச் சத்தம் வரும், பிறகு பற்களே சேதமாகும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

ஆயில் விஷயத்தில் கவனம்!

கிளட்ச் பிளேட் வகைக்கு எல்.எஸ்.டி-க்கான ஆயில் கட்டாயம். சாதா ஆயில் ஊற்றினால் திரும்பும்போது 'கடகட' சத்தமும் உதறலும் வரும். புதிய பிளேட்டுகள் படிந்ததும் முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும்.

இதை மறக்காதீங்க

* எல்.எஸ்.டி உள்ள காரில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்து கியரில் ஓட்டிப் பார்க்கக் கூடாது. தரையில் உள்ள சக்கரம் காரை ஜாக்கிலிருந்து தள்ளிவிடும்.
* பின்பக்க டயர்கள் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்.
* செலவு மிச்சம் என்று கியர்களை வெல்டிங் அடித்துப் பூட்டுவது சாலைக்கு ஆபத்தானது. ஆக்சில் ஷாஃப்ட் முறியவும் வாய்ப்புண்டு.

எல்.எஸ்.டி இருந்தால் கார் சறுக்காதா?

இல்லை. சாதா டிஃபரன்ஷியலில் ஒரு டயர் வீணாகச் சுற்றினாலும், மற்றொன்று பக்கவாட்டில் காரைப் பிடித்திருக்கும். எல்.எஸ்.டி-யில் ஆக்சிலேட்டரை ஓவரா மிதித்தால் இரண்டும் ஒன்றாகப் பிடிமானம் இழந்து, காரின் பின்பக்கம் சட்டென வெளியே தள்ளும். மழையில் இன்னும் வேகமாக நடக்கும். எனவே மாட்டிய முதல் சில நாட்கள் மெதுவாக ஓட்டி, காரின் புது குணத்தைப் பழகிக்கொள்வது உயிருக்கு நல்லது.