ஃபேர்வெல் பாட்டுக்குப் பின்னால ஒரு போர்... 'இரத்தத் திலகம்' பார்த்திருக்கீங்களா?

பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் எந்த காலேஜ்ல படிச்சிருந்தாலும் சரி, ஃபேர்வெல் அன்னிக்கு இந்தப் பாட்டு உங்க காதுல விழாம இருந்திருக்காது. 'பசுமை நிறைந்த நினைவுகளே.' மைக்ல யாராவது பாட ஆரம்பிச்சதும் கடைசி பெஞ்ச்கூட அமைதியாகிடும். ஆனா, அது ஒரு போர்க்காலக் காதல் படத்துல வர்ற பாட்டுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?

படத்தின் பெயர் 'இரத்தத் திலகம்'. வெளியானது 1963. சிவாஜி கணேசன், சாவித்திரி ஜோடி. இயக்கம் தாதா மிராசி. அடுத்த வருஷமே 'புதிய பறவை' கொடுத்தவர் இவர்தான். இசை கே.வி.மகாதேவன், பாடல்கள் கண்ணதாசன்.

கதை என்ன?

குமாரும் கமலாவும் கல்லூரியில் மோதி, பிறகு காதலிக்கிறார்கள். படிப்பு முடிகிறது. கமலா சீனாவுக்குப் போகிறாள். 1962 அக்டோபரில் இந்திய - சீனப் போர் வெடிக்கிறது. குமார் ராணுவத்தில் சேர்கிறான். கமலாவோ எதிரி நாட்டில், சீனர் ஒருவரின் மனைவி. 'துரோகி' என்று அவன் வெறுக்கிறான். ஆனால், அவள் அங்கிருந்தபடியே இந்தியாவுக்காக உளவு பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிவை நான் சொல்லலை, நீங்களே பாருங்க.

ஹாலிவுட்டின் 'காஸாபிளாங்கா' (1942) பிடிக்கும்னா இந்தக் கதையும் உங்களுக்கு நெருக்கமா இருக்கும். அதிலும் காதலி இன்னொருவரின் மனைவி. அதிலும் காதலுக்கும் கடமைக்கும் நடுவில் போர் வந்து நிற்கும். உலகப்போர் நடக்கும்போதே எடுத்த படம் அது. நம்ம படம், போர் நின்று ஒரு வருஷம்கூட ஆகாதபோது தியேட்டருக்கு வந்தது. காயம் ஆறுவதற்கு முன்பே எடுத்த படம் என்பதை மனசுல வெச்சுக்கிட்டு பார்க்கணும்.

மூணு விஷயங்களைக் கவனிங்க

1. ஒத்தெல்லோ காட்சி: கல்லூரி மேடையில் சிவாஜியும் சாவித்திரியும் ஷேக்ஸ்பியர் நாடகத்தை ஆங்கிலத்திலேயே நடிப்பார்கள். முதல் தடவை பார்க்கும்போது, 'நடிப்பைக் காட்ட ஒரு சீன்'னு தோணும். ஆனா, உண்மையா இருக்கும் மனைவியை ஒருவன் சந்தேகப்படுற கதை அது. பின்னால் குமார் செய்யப்போவதும் அதுதானே?

2. பிரிவுப் பாடல்: டி.எம்.சௌந்தரராஜன், பி.சுசீலா குரல்கள். 'மறுபடி எப்போ பார்ப்போமோ' என்பது நமக்கு ஒரு ஃபீலிங். வாட்ஸ்அப் குரூப் இருக்கு, பார்த்துக்கலாம். படத்தில் பாடுகிறவர்களுக்கோ, அடுத்து நடுவில் வரப்போவது ஒரு எல்லைக்கோடு. அது தெரிஞ்ச பிறகு கேட்டுப்பாருங்க, அதே பாட்டு வேற மாதிரி கேட்கும்.

3. திரையில் கண்ணதாசன்: ஒரு பாடலில் கவிஞரே தோன்றுவார். பாட்டு எழுதியவரே திரையில் வாயசைப்பதைப் பார்ப்பது தனி சுகம்.

நம்ம ஊருக்கு என்ன சம்பந்தம்?

கண்ணதாசனின் முதல் சினிமா பாட்டு இடம்பெற்ற 'கன்னியின் காதலி' (1949), கோவை சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவான ஜூபிடர் பிக்சர்ஸ் படம். திருச்சி ரோட்டில் போகும்போது 'இங்கே சினிமா எடுத்தாங்களா?'ன்னு ஆச்சர்யமா இருக்கும். உங்க அப்புச்சிகிட்ட கேட்டுப்பாருங்க, கதை கதையா சொல்வார்.

போர்ப் படமும் கொங்கு மண்ணுக்குப் புதுசு இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது, போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கச் சொல்லி ஆங்கிலேய அரசு தயாரிப்பாளர்களை நெருக்கியது. அப்படி சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர்.சுந்தரம் இயக்கிய படம்தான் 'பர்மா ராணி' (1945). ஜப்பான் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொள்ளும் இந்திய விமானப்படையினரின் கதை அது.

ஒரு உண்மையையும் சேர்த்துப் பாருங்க

'இரத்தத் திலகம்' சீனர்களை எதிரிகளாகத்தான் காட்டுகிறது. அன்றைய கோபம் அப்படி. ஆனால் அதே போரின்போது, தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். முகத்தைப் பார்த்தே சந்தேகம். சிலர் வெளியே வர வருஷக்கணக்கில் ஆனது.

எதிரி நாட்டில் இருக்கிறாள் என்பதற்காகவே கமலாவைத் துரோகி என்கிறான் குமார். அவளுக்காகக் கண் கலங்கினால், தேவ்லியில் இருந்தவர்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க. படம் சொல்லாமல் விட்ட பாதி அது.

இந்த வீக்எண்டு, ரீல்ஸுக்கு லீவு விட்டுட்டு, பழைய படம்னா பிடிக்கிற அப்பத்தாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு பாருங்க. கறுப்பு வெள்ளைதான், கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும். ஆனா, அடுத்த ஃபேர்வெல்ல அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, உங்களுக்கு கமலாவும் ஞாபகம் வருவாள்!