லா பயதேர்

'''லா பயதேர்''' என்பது 1877ஆம் ஆண்டு உருசியாவின் சென் பீட்டர்சுபர்க் நகரில் முதன்முதலாக அரங்கேறிய பாலே நாடகம் ஆகும். இதனை மாரியசு பெத்திப்பா அமைத்தார். லூத்விக் மின்கசு இசையமைத்தார். நிக்கியா என்னும் இந்தியக் கோயில் நடன மங்கையே இதன் நாயகி. "பயதேர்" என்னும் பிரெஞ்சுச் சொல், நடனப்பெண் எனப் பொருள்படும் "பைலதெய்ரா" என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது.

== பின்னணி ==
1838இல், கடலூருக்கு அருகிலுள்ள திருவகீந்திரபுரத்தைச் சேர்ந்த ஐந்து நடனப்பெண்களும் மூன்று இசைக்கலைஞர்களும் புதுச்சேரி வழியாகப் பிரான்சு சென்றனர். பாரிசிலும் இலண்டனிலும் இவர்கள் ஆடினர். இவர்களுள் பிரெஞ்சு ஏடுகள் "அமனி" எனக் குறிப்பிட்ட பெண்ணின் ஆடலை எழுத்தாளர் தியோபில் கோத்தியே பெரிதும் புகழ்ந்தார். 1858இல் இவர் எழுதிய சகுந்தலை பாலேவை அமைத்தவர், மாரியசின் அண்ணன் லூசியன் பெத்திப்பா.

== ஒளிப்படங்கள் ==
முதல் நிக்கியாவான எக்கத்தரீனா வாசெம், 1900ஆம் ஆண்டு மறுஅரங்கேற்றத்தில் ஆடிய மத்தில்தா கிசெசின்சுக்கா, 1902இல் இவ்வேடமேற்ற அன்னா பாவ்லோவா ஆகியோரின் ஒளிப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. 1870களின் ஈரத்தகட்டு முறையில் ஒரு படத்திற்குச் சில நொடிகள் அசையாதிருக்க வேண்டும். எனவே இத்தகைய படங்கள் ஆட்டத்தைக் காட்டுவதில்லை. ஒளிப்படக்கூடத்தில் நிறுத்திவைத்த தோற்றத்தையே காட்டுகின்றன. இவற்றைக் கொண்டு உடை, அணிகலன் ஆகியவற்றை அறியலாம். அசைவுகளை அறிய இயலாது.

தாகெரின் ஒளிப்பட முறை 1839இல்தான் வெளியிடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே ஐரோப்பாவில் ஆடிய திருவகீந்திரபுரக் கலைஞர்களின் அந்தப் பயணத்திற்கு ஒளிப்படம் இல்லை. ஓவியங்களும் சிற்பி பார் வடித்த அமனியின் வெண்கலச் சிலையுமே எஞ்சியுள்ளன. இதனால் கோயில் நடன மங்கையாக நடித்தவர்களின் முகங்கள் பரவலாக அறியப்பட்டுள்ளன. உண்மையில் அவ்வாழ்வு வாழ்ந்தவர்களின் முகங்கள் அவ்வாறு அறியப்படவில்லை.

== தஞ்சைத் தொடர்பு ==
நிக்கியாவின் ஆட்டம் பாலே இலக்கணத்தைச் சார்ந்தது. கோயில் மரபினரின் சதிராட்டமோ வெறுங்காலில், சலங்கை அணிந்து, அரைமண்டியில் ஆடப்படுவது. இதன் கச்சேரி முறையைத் தஞ்சை மராத்திய அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தினர்.

பாவ்லோவாவின் நட்பால் பாலே பயின்ற ருக்மிணி தேவிக்கு, தம் நாட்டுக் கலைகளைக் கற்குமாறு பாவ்லோவாவே அறிவுரை கூறினார். பின்னர் ருக்மிணி தேவி, நால்வரின் வழித்தோன்றலான பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாசேத்திராவை நிறுவினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தால் தடைசெய்தது. பரதநாட்டியம் புதிய மேடைகளில் பரவிய அக்காலத்தில், மரபுவழி ஆடிய குடும்பப் பெண்களில் பலர் மேடையை விட்டு விலகினர்.

== இவற்றையும் பார்க்க ==
* தஞ்சை நால்வர்
* பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை
* அன்னா பாவ்லோவா