உறைபனியை நம்பாத இளவரசன்: ஹியூம் 1750இல் சேர்த்த ஒரு பத்தி

டேவிட் ஹியூமின் அற்புதங்கள் பற்றிய கட்டுரையில் வரும் இந்திய இளவரசனை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒரு சங்கடமாகவே நடத்திவந்திருக்கிறார்கள். வெப்ப நாட்டில் வளர்ந்த அந்த இளவரசன், குளிரில் தண்ணீர் கல்லாக இறுகும் என்று சொன்னவர்களை நம்ப மறுத்தான். அவன் மறுத்தது முறையான சிந்தனையே என்கிறார் ஹியூம். ஆனால் தண்ணீர் உறைவது உண்மை. சாட்சியத்தை அனுபவத்தால் எடைபோட வேண்டும் என்ற அவர் அளவுகோல் உண்மையையே தள்ளிவிடச் செய்தால், அதை எப்படி ஏற்பது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஹியூம் ஒரு பின்குறிப்பை ஒட்டிச் சமாளித்தார் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் தீர்ப்பு. அந்தப் பத்தியும் பின்குறிப்பும்தான் கட்டுரையின் உயிர் என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் பதிப்பு வரலாறு. 1748இல் கட்டுரை வெளிவந்தபோது இளவரசன் அதில் இல்லை. 1750இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் நுழைகிறான். பின்குறிப்பு அச்சகத்துக்குத் தாமதமாக வந்து சேர்ந்ததால் நூலின் கடைசியில் தனியாக அச்சிடப்பட்டது. அவசரத்தில் போட்ட ஒட்டு என்று சொல்பவர்களுக்கு இது பெரிய ஆதாரம். ஆனால் அச்சில் நேர்ந்த தாமதம் சிந்தனையில் நேர்ந்த தாமதமாகிவிடாது. அற்புதங்கள் பற்றிய தம் வாதத்தை முதல் நூலில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்ததை 1737ஆம் ஆண்டிலேயே நண்பர் ஹென்றி ஹோமுக்கு எழுதிய கடிதத்தில் ஹியூம் குறிப்பிட்டிருக்கிறார். பத்தாண்டுக்கு மேல் மனத்தில் வைத்திருந்த வாதத்துக்கு எதிராகத் தாமே ஓர் எடுத்துக்காட்டைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்றால், அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு அவர் கண்டுபிடித்ததும் அன்று. ஜான் லாக் இதே கதையைச் சயாம் மன்னரை வைத்துச் சொல்லியிருந்தார்: தம் நாட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் யானையைத் தாங்கும் அளவுக்கு இறுகும் என்று டச்சுத் தூதர் சொல்ல, அவர் பொய்யர் என்று மன்னர் முடிவுகட்டிவிடுகிறார். 1736இல், பின்னாளில் பிஷப்பான ஜோசப் பட்லரும் வெப்ப நாட்டு அரசகுமாரன் ஒருவனைக் காட்டினார். மதத்தின் பக்கம் நின்றவர்கள் கையாண்ட கதையை எடுத்து ஹியூம் திருப்பி வைக்கிறார். இளவரசன் சொன்னது தவறு; அவன் சிந்தித்த முறை சரி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அவர் வைக்கும் புதுச் செய்தி.

பின்குறிப்பு அதற்கு மேல் ஓர் அடி செல்கிறது. சுமத்ராவில் வாழ்பவர்கள் மஸ்கோவியின் (ரஷ்யாவின்) குளிர்காலத்தைக் கண்டதில்லை. ஆகவே அங்கே தண்ணீர் உறைகிறது என்ற செய்தி அவர்கள் அனுபவத்துக்கு முரணானதாகாது. அனுபவம் எட்டாத இடத்தைப் பற்றிய செய்தி, அவ்வளவே. அதை நம்ப வலுவான சாட்சியம் வேண்டும். ஆனால் போதுமான சாட்சியம் கிடைக்க முடியும். இறந்தவர் எழுந்தார் என்ற செய்தியின் நிலை வேறு. இறப்பையும் அதன் பின்விளைவையும் எல்லா நாட்டாரும் எல்லாக் காலத்தும் கண்டிருக்கிறார்கள்.

இந்த வேறுபாட்டைக் கட்டுரையின் இரண்டாம் பகுதியோடு சேர்த்துப் படிக்காததுதான் முந்தைய வாசிப்பின் குறை. அங்கே ஹியூம் இரண்டு கற்பனைகளை அடுத்தடுத்து வைக்கிறார். 1600 ஜனவரி முதல் நாளிலிருந்து எட்டு நாள் உலகம் முழுவதும் இருள் மூடியது என்று எல்லா மொழி நூல்களும் முரண்பாடின்றிச் சொன்னால், அறிஞர்கள் அதை ஏற்றுக்கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். அதே நாளில் எலிசபெத் அரசி இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, ஒரு மாதத்துக்குப் பின் மீண்டு வந்து மூன்றாண்டு ஆண்டார் என்று வரலாற்றாசிரியர்கள் அனைவரும் எழுதினாலும் ஹியூம் நம்பமாட்டார். இயற்கையில் எது நடக்கும், எது நடக்காது என்று மேலிருந்து ஆணையிடுபவராக ஹியூமைப் படிப்பவர்களால் முதல் கற்பனையை விளக்க முடியாது. எதை நம்பலாம் என்று அவர் கேட்கிறார். என்ன நடந்திருக்கும் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

எதிர்வாதங்களில் இரண்டை விரைந்து கடக்கலாம். குழந்தை அனுபவத்துக்கு முன்பே பெரியவர் சொல்லை நம்புகிறது, ஆகவே சாட்சியத்தின் மதிப்பு அனுபவத்தைச் சார்ந்ததன்று என்றார் ஜார்ஜ் கேம்பெல் (1762). நம்பத் தொடங்கும் அதே குழந்தைதான் யாரை நம்பக் கூடாது என்பதையும் அனுபவத்தில் கற்கிறது. குலுக்கலில் குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குப் பரிசு விழும் வாய்ப்பு மிகக் குறைவு; ஆயினும் விழுந்ததாகச் செய்தித்தாள் சொன்னால் நம்புகிறோமே என்றார் ரிச்சர்ட் பிரைஸ் (1767). ஏதோ ஓர் எண்ணுக்குப் பரிசு விழுவது அன்றாட நிகழ்வு.

மூன்றாவது எதிர்வாதம் கனமானது; இந்திய வாசகர்களால்தான் அதை முழுமையாக எழுப்ப முடியும். அப்படி ஓர் இந்திய இளவரசன் இருந்திருப்பானா? அக்பரின் அரண்மனைக்கு வடமலைகளிலிருந்து பனிக்கட்டி வந்ததை அபுல் ஃபசல் பதிவுசெய்திருக்கிறார். அலகாபாத் பகுதியில் ஆழமில்லாத மண்தட்டுகளில் இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துப் பனிக்கட்டி எடுக்கும் முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்தார். தமிழ்நாட்டுச் சமவெளிக்காரர்கூட ஆலங்கட்டி மழையைக் கண்டவரே. ஒருவனின் அனுபவம் என்று ஹியூம் சொல்வது ஏற்கெனவே வணிகர், பயணியர், முன்னோர் சொல் எல்லாம் கலந்தது. சாட்சியத்தை அனுபவத்தால் எடைபோடு என்றால், அந்த அனுபவத்துக்குள்ளும் சாட்சியம்தான் இருக்கிறது.

இதனால் ஹியூமின் வாதம் சரிந்துவிடுகிறதா? இல்லை. தனிமனிதன் தன் கண்ணைக் கொண்டு தீர்ப்பளிக்கிறான் என்ற சித்திரம் மட்டும் சரிகிறது. மிஞ்சுவது, சாட்சிகளைச் சாட்சிகளோடு ஒப்பிட்டு, யாருக்கு என்ன ஆதாயம், யார் ஏமாந்திருக்கக்கூடும் என்று பொதுவில் விசாரிக்கும் முறை. மதச் செய்திக்கும் பிற செய்திக்கும் ஒரே விசாரணை என்ற நிலை அங்கிருந்துதான் வலுப்பெறுகிறது.

அதன் பின்விளைவுகளை நேர்கோடாக வரைவது கூடாது. 1835இல் இயேசுவின் வாழ்க்கையை எழுதிய ஸ்ட்ராஸ், நற்செய்தி அற்புதங்களைப் புராணமாக்கமாக விளக்கியபோது ஹெகலுக்கே கூடுதலாகக் கடன்பட்டிருந்தார். போதிய ஆதாரமின்றி நம்புவது அறப்பிழை என்று 1877இல் கிளிஃபோர்ட் எழுதியபோது ஹியூமின் எல்லையைத் தாண்டிவிட்டார். அதற்கு 1896இல் வில்லியம் ஜேம்ஸ் மறுமொழி சொன்னார். ஆயினும் நம்புபவர் தம் நம்பிக்கைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற எதிர்பார்ப்பு இந்த எழுத்துகளுக்கு எல்லாம் பொதுவானது.

இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963இல் விடுத்த அறைகூவலை இங்கே வைத்துப் பார்ப்பது பயன்தரும். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புத ஆற்றலைச் செய்துகாட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றார். 1978இல் அவர் இறக்கும்வரை எவரும் அதைப் பெறவில்லை. கோவூரை ஹியூமின் வாரிசு என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோவூர் கேட்டது கண்முன் செய்முறை, ஹியூம் எடைபோட்டது, மீண்டும் நிகழ்த்த முடியாத கடந்தகாலத்தைப் பற்றிய சாட்சியம். முன்னது வித்தைக்காரரை வெல்லப் போதும். வேதநூல்கள் சொல்லும் நிகழ்வுகளை விசாரிக்க 1750இன் பின்குறிப்பே வேண்டும்.