அந்தமான் கைதியின் பத்தாண்டு ஏணி

செல்லுலார் சிறையைப் பார்த்துத் திரும்புவோர், கைதியின் தண்டனைக் காலம் முழுவதும் அக்கொட்டடிகளிலேயே கழிந்தது என்று எண்ணிக்கொள்கின்றனர். அரசியல் கைதிகள் பலரின் அனுபவம் ஏறத்தாழ அத்தகையதே. சாதாரண ஆயுள் கைதிக்கோ அச்சிறை ஒரு நீண்ட ஏணியின் முதற்படி மட்டுமே.

நாடுகடத்தல் தண்டனை தன் அச்சத்தை இழந்துவருகிறது என்று கருதிய லயல், லெத்பிரிட்ஜ் இருவரும் 1890இல் தொடக்கத்திலேயே கடுங்காவல் கட்டம் ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். 1896இல் தொடங்கிய செல்லுலார் சிறைக் கட்டுமானம் 1906இல் நிறைவுற்றது. அக்காலத்து விதிப்படி, முதல் 6 மாதம் தனிக்கொட்டடி. அடுத்த ஒன்றரை ஆண்டு மற்றொரு சிறையில் பிறரோடு சேர்ந்து கடும் உழைப்பு. பின்னர் 3 ஆண்டுகள் இரவில் கொட்டகையில் அடைப்பு, பகலில் வெளிவேலை. இம்மூன்றாண்டுகளில் கூலி இல்லை. ஆனால் எவனுக்கு எந்த வேலை கைவருகிறது என்பது கூர்ந்து கவனிக்கப்பட்டது. அதையடுத்த 5 ஆண்டுகளில்தான் கைச்செலவுக்கு மிகச் சிறிய படி கிடைத்தது. அதைச் சேர்த்துவைக்கத் தனிச் சேமிப்பு வங்கியும் இருந்தது. வெகுமதியால் நடத்தையை வடிக்கலாம் என்று ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு காட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, போர்ட் பிளேர் மனிதர்களைக் கொண்டு அதைச் செய்துகொண்டிருந்தது!

இம்முறைக்கு முன்னோடி உண்டு. நார்ஃபோக் தீவில் 1840 முதல் 1844 வரை பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் மக்கோனக்கி, உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் மதிப்பெண் வழங்கினார். அவரது திட்டத்தில் மதிப்பெண்களைச் சேர்த்துக் கைதி தன் விடுதலையையே ஈட்டலாம். அந்தமானின் சில்லறைப் படியால் வாங்க முடிந்தது சிறு வசதிகளை மட்டுமே. இவ்விரண்டையும் ஒரே சீர்திருத்த மரபாக எழுதிவிடுவது பிழை என்பது என் கருத்து.

பணத்தைவிடப் பெரிய வெகுமதி ஒன்றும் இருந்தது: சக கைதிகள்மீது அதிகாரம். வார்டர், பெட்டி ஆபீசர், டின்டேல், ஜமாதார் ஆகிய பதவிகளில் கைதிகளே அமர்த்தப்பட்டனர். செக்கில் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டியாக வேண்டும் என்ற அளவை வெள்ளை அதிகாரி நின்று வசூலிக்கவில்லை. இவர்களே அடித்தும் ஏசியும் வசூலித்தனர் என்பதை அரசியல் கைதிகளின் நினைவுக்குறிப்புகள் காட்டுகின்றன. நிர்வாக ஏடுகள் நன்னடத்தை என்று குறித்த பழக்கத்துள் இத்திறனும் அடங்கும்.

பத்தாண்டு கடந்தவன் 'டிக்கெட்' பெற்றுக் கிராமத்தில் குடியேறலாம். உழலாம், மாடு வளர்க்கலாம், மணம் புரியலாம், குடும்பத்தையும் வரவழைக்கலாம். குடியுரிமை ஏதுமில்லை. குடியேற்றத்தைவிட்டு வெளியேறவும், வேலையின்றிச் சும்மா இருக்கவும் அவனுக்கு அனுமதி இல்லை.