நிக்கோடிமஸ்: ரயில் விலகிப்போன பின்னும் நின்ற ஊர்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம், கிரகாம் கவுண்டியில் நிக்கோடிமஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசித்தவர்கள் 14 பேர். மிசிசிப்பிக்கு மேற்கே எழுந்து இன்றுவரை நீடிக்கும் கறுப்பினக் குடியேற்றங்களில் மூத்தது இது. ஆனால் அதன் வரலாற்றை எழுதுவோர் பலரும் 1888-உடன் கதையை முடித்துவிடுகிறார்கள்: ரயில் வரவில்லை, ஊர் அழிந்தது என்று. ரயில் பறித்துச் சென்றது கடைத்தெருவை மட்டுமே, ஊரை அல்ல என்பது என் வாதம்.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்டும் சொந்த நிலம் வாய்க்காத கென்டக்கி மக்கள் 1877-இல் இங்கே வந்தார்கள். வெள்ளையரான டபிள்யூ. ஆர். ஹில்லும் கறுப்பினப் போதகர் டபிள்யூ. எச். ஸ்மித்தும் ஊருக்கான நிறுவனத்தைத் தொடங்கியிருந்தனர். 1862-ஆம் ஆண்டுக் குடியிருப்பு நிலச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தமாகும். குடியேறியவர்கள் எல்லிஸ் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து புல்வெளியைக் கடந்தார்கள். 1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன், ஊர் எங்கே என்று கேட்டிருக்கிறார். கணவர் காட்டிய திசையில் வீடு எதுவும் தெரியவில்லை, தரையிலிருந்து புகை மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது. மரம் அரிதான அந்த வெளியில் மண்ணைக் குடைந்து, அதற்குள்தான் குடும்பங்கள் வாழ்ந்தன. அதைக் கண்டு அவர் அழுதுவிட்டார். முதல் குளிர்காலத்தில் வேட்டைக்கு வந்த ஓசேஜ் பழங்குடியினர் உணவு தந்து உதவியதாக ஊரார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். திரும்பிப் போனவர்களும் உண்டு. மற்றவர்கள் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தி விதைத்தார்கள்.

1887-இல் மிசௌரி பசிபிக் ரயிலை வரவழைக்க 16,000 டாலர் கடன் பத்திரங்களுக்கு ஊரார் வாக்களித்தும் அது வரவில்லை. யூனியன் பசிபிக் பாதையும் அருகிலுள்ள ஆற்றின் மறுகரையில் போனதால் அங்கே போக் என்ற ஊர் முளைத்தது. நிக்கோடிமஸ் வணிகர்கள் அங்கே பெயர்ந்தார்கள். இழப்பு பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நிலம் வைத்திருந்தவர்கள் பெயரவில்லை. அஞ்சலகம் 1953 வரை இயங்கியது. ஊர் மன்றத்தின் சுண்ணாம்புக்கல் கட்டடம் எழுந்ததே 1939-இல். 1888-இலேயே செத்த ஊருக்கு அரை நூற்றாண்டு கழித்து மன்றம் எதற்கு? குடும்பங்களை உண்மையில் கலைத்தவை 1930-களின் வறட்சியும் புழுதிப் புயலும் விலைவீழ்ச்சியும் என்றே கருத வேண்டும்.

அப்படிக் கலைந்தவர்களும் உறவை விடவில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமை விடுதலையை ஒட்டிக் கொண்டாடிய விழா, இன்று ஜூலை இறுதியில் நடக்கும் ‘ஹோம்கமிங்’ ஆகத் தொடர்கிறது. தொலைநகரங்களில் வாழும் வழித்தோன்றல்கள் அதற்கென்றே ஊர் வருகிறார்கள். 1996-இல் ஊர் தேசிய வரலாற்றுத் தலமானதற்கும் இவர்களின் முயற்சியே பெருங்காரணம். வசிப்போரை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பில் இவர்கள் வருவதில்லை.

தலத்தின் மையமாக அறியப்படுபவை ஐந்து கட்டடங்கள்: மன்றம், இரண்டு தேவாலயங்கள், விடுதி, பள்ளி. அவற்றைக் காப்பது அவசியம். ஆனால் இம்மக்கள் தேடி வந்தது கட்டடத்தை அல்ல, நிலத்தை. எந்த வயல் யார் கைக்கு, எந்த ஆண்டில், எந்தக் கடனுக்காக மாறியது என்பதை நிலப் பதிவேடுகளிலிருந்து வயல்வாரியாகத் தொகுக்க வேண்டும். நிக்கோடிமஸ் தேய்ந்த கதையை ரயில் அட்டவணையை வைத்து எழுதியது போதும்.