எல்.எல்.ஆர். கேள்விகளின் கதை

துவாக்குடியில் பதினெட்டு வயது நிறைந்ததும் இளைஞர்கள் முதலில் தேடுவது எல்.எல்.ஆர்.தான். திருச்சி–தஞ்சாவூர் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. பேருந்துகளும் பெல் தொழிற்சாலைக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் லாரிகளும் ஓயாமல் ஓடும் சாலை அது. 'எட்டு' போடப் பல நாள் பழகுகிறவர்கள், விதிகள் பற்றிய தேர்வுக்கு மட்டும் முதல் நாள் இரவு சின்னங்களை மனப்பாடம் செய்வதோடு சரி. அந்தக் கேள்விகள் எப்படி வந்தன என்று பார்ப்போம்.

பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டுச் சட்டம் கார் ஓட்ட உரிமம் வேண்டும் என்றது. ஆனால் தேர்வு எதுவும் கிடையாது. ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். 1931-இல் சாலை விதிகளைத் தொகுத்து 'ஹைவே கோட்' என்ற சிறு புத்தகம் ஒரு பென்னி விலையில் வந்தது. அதைப் படித்தார்களா என்று யாரும் சோதிக்கவில்லை. 1934-இல் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் 7,343 பேர் இறந்தனர். அதன் பிறகுதான், 1935 ஜூன் 1 முதல், புதிதாக ஓட்ட வருபவர்களுக்குத் தேர்வு கட்டாயமானது. விதிகளுக்கென்று தனித் தேர்வு 1996-இல்தான் வந்தது.

இந்தியாவில் 1914, 1939 ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்களுக்குப் பிறகு, 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11-ஆவது விதி, பழகுநர் உரிமம் கேட்பவரிடம் எவற்றைச் சோதிக்க வேண்டும் என்று சொல்கிறது: சாலைச் சின்னங்களும் விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

இவற்றில் ரயில்வே கேட் பற்றிய கேள்வி குறிப்பிடத்தக்கது. ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ உதவியாளரோ இறங்கி நடந்துபோய், இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 131-ஆவது பிரிவு. இந்தியாவின் அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 தொடக்கத்தில்தான் முழுவதும் நீக்கப்பட்டன. அதுவரை பல உயிர்கள் அந்த ஒரு நிமிடப் பொறுமையை நம்பியே இருந்தன.

அதேபோல, விபத்தில் காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது 134-ஆவது பிரிவு. மனப்பாடம் செய்த விடையாக மட்டும் இது இருந்தால், பதற்றத்தில் நினைவுக்கு வராது.

தேர்வில் தவறியவர் மறுபடியும் எழுதலாம். தஞ்சாவூர் ரோட்டில் அந்த வசதி கிடையாது.